கதவு எண் 3/87அ

பதினொரு மணி பஸ் மூணாங்கிணறு ஊருக்கு வந்து நின்றபோது சந்தனமாரி ஒரு கட்டைப் பையோடு இறங்கினாள், அவளுக்குப் பின்னால் ஒரு கதவும் இறங்கியது. இறங்கியது என்று சொன்னால் கண்டக்டர் கோபித்துக்கொள்வார். கதவு பஸ்ஸுக்குள் ஏறவே இல்லை. டவுனிலிருந்து பதினாறு கிலோமீட்டரும் பஸ்ஸுக்குப் பின்னாலேயே, நிலையும் நிலைப்படியுமாக, நின்ற மேனிக்கே தார் ரோட்டில் வந்தது, ரயில்வே கேட்டில் பஸ் நின்றால் அதுவும் நின்றது, பஸ் கிளம்பினால் அதுவும் கிளம்பியது.

"ஏம்மா, இது ஒன்னோடதா?" என்று கண்டக்டர் படியில் நின்றபடி கேட்டார்.

"ஆமாண்ணே."

"உள்ள ஏறல, அதனால லக்கேஜ் போட எனக்கு அதிகாரமில்ல," என்று சட்டம் பேசிவிட்டு அவர் விசில் ஊதினார். பஸ் போயிற்று, கதவு நின்றது.

கதவு என்றதும் செட்டிநாட்டுத் தேக்குக் கதவு என்று நினைத்துவிடாதீர்கள். பாசிப்பச்சைப் பெயின்ட் அடித்த, அடிப்பக்கம் தண்ணீர் பட்டு உப்பிப்போன சாதாரண ரூம் கதவு. அதில் ஒரே ஒரு கோளாறு, தாழ்ப்பாள் வெளிப்பக்கம் மட்டும்தான் இருந்தது. உள்பக்கம் தாழ்ப்பாளுக்குப் பதில் பெயர்கள் இருந்தன. ஊக்கு முனையால் கீறிய பெயர்கள், தெலுங்கில் ஒன்று, வங்காளத்தில் இரண்டு, எந்த ஊர் எழுத்தென்றே தெரியாத எழுத்தில் நாலைந்து, தமிழில் ஒன்று.

அஞ்சு வருஷத்துக்கு முன்னால், சந்தனமாரிக்குப் பத்தொன்பது வயசாக இருந்தபோது, மேற்கே இறால் கம்பெனியில் வேலை, தங்க இடம், மூணு வேளைச் சாப்பாடு, ஞாயிற்றுக்கிழமை சினிமா என்று சொல்லி ஒரு பொம்பளை அவளைக் கூட்டிக்கொண்டு போனாள். ஊரே அவளைச் சித்தி என்றுதான் கூப்பிட்டது. யாருக்குச் சித்தி என்று ஒருத்தரும் கேட்கவில்லை. போன இடத்தில் இறாலையும் காணோம், கம்பெனியையும் காணோம். ஒரு பெரிய பட்டணத்தில், மூன்றாம் மாடியில், அந்தப் பச்சைக் கதவுக்குப் பின்னால் அவளை அடைத்து, ஸ்வீட்டி என்று பேர் வைத்து, நாலு வருஷம் விற்றார்கள். மறுத்த நாளில் அடித்தார்கள், அழுத நாளில் சோறு போடவில்லை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்லி என்ன ஆகப்போகிறது, நடந்தது அதுதான். அந்தக் கதவை ஒருநாளும் யாரும் தட்டியதில்லை. வெளியே தாழ்ப்பாள் விலகும், கதவு திறக்கும், ஒரு ஆள் நிற்பான். தட்டிவிட்டு நிற்கிறவனிடம்தானே வராதே என்று சொல்ல முடியும்?

அதே அறையில் நாகரத்னம் இருந்தாள். கோதாவரிப் பக்கத்துக்காரி. ஒரு தட்டில் சாப்பிட்டு, ஒருத்தி தலையை ஒருத்தி வாரிவிட்டு, பாதித் தமிழும் பாதித் தெலுங்குமாக ரெண்டு பேரும் ஒரு பாஷை செய்துகொண்டார்கள். பிறகு ஒருநாள் போலீசும் ஒரு பெண்கள் சங்கமும் வந்து கதவைத் திறந்து எல்லாரையும் காப்பகத்துக்குக் கூட்டிப்போனார்கள். காப்பகத்தில் நல்லபடியாகத்தான் வைத்திருந்தார்கள், பொய் சொல்லக் கூடாது. ஆனால் வெளியே விடுவதற்கு ஒரு பாரம் உண்டு, அதில் விலாசம் என்று ஒரு கட்டம் உண்டு, கட்டம் நிரம்பினால்தான் கேட் திறக்கும். சந்தனமாரி அண்ணன் வீட்டு விலாசத்தை எழுதினாள். நாகரத்னத்துக்கு எழுத ஒன்றுமில்லை, பெற்ற அப்பனே அவளை ரயிலேற்றி விட்டவன்.

"நான் போயி ஒரு விலாசம் வாங்கி ஒன்னையக் கூப்பிடுறேன். அதுவரைக்கும் பொறுத்துக்க," என்று அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டுத்தான் சந்தனமாரி கிளம்பினாள். ரெண்டாவது ஸ்டேஷனில் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் பிளாட்பாரத்தில் கதவு நிற்கிறது. பயம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. "சனியனே, நீயுமா," என்றாள்.

அண்ணன் சேதுபாண்டி கொத்தனார். ஊரில் பாதி வீடு அவர் கட்டியது. தங்கச்சி கம்பெனியிலிருந்து எவனோடோ ஓடிவிட்டாள் என்று சித்தி எப்போதோ வந்து சொன்னதை அப்படியே நம்பி, கருப்பன் கோயிலில் சூடம் அணைத்து, இனி அவள் பேரை என் நாக்கால் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் பண்ணியிருந்தார். இப்போது தங்கச்சி வாசலில் நிற்கிறாள், அவளுக்குப் பின்னால் கதவு நிற்கிறது, கதவுக்குப் பின்னால் ஊர் நிற்கிறது.

"வந்தவுகளப் போகச் சொல்லு," என்றார், பெண்டாட்டி பொன்னுத்தாயைப் பார்த்து.

"அண்ணே, நான் தங்க வரல. அந்தச் சித்திதான் என்னைய வித்தா, அதைச் சொல்லணும். அப்புறம் ஒரு விலாசம் வேணும், ஒங்க கதவு நம்பர எழுதிக்கிற சம்மதம் குடுத்தாப் போதும்."

"என் வீட்டு நம்பர எவளும் எழுதக் கூடாது. அந்தக் கதவையும் என் வாசல்ல நிறுத்தக் கூடாது. அவ்வளவுதான் பேச்சு."

பொன்னுத்தாய் தரையைப் பார்த்தாள். அவர்கள் மகள் தர்சினி மட்டும் ஜன்னலில் நின்று, "அத்தை," என்று சத்தம் வராமல் வாயசைத்தாள். சந்தனமாரிக்கு அண்ணன் மேல் வந்த கோபத்தில் கண்ணீர் கூட வரவில்லை. பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். லூர்து அக்கா டீக்கடையை ஒட்டிய புறம்போக்கில், பழைய ரேஷன் கடை இடிந்த இடத்தில் அவள் உட்கார்ந்தாள், கதவும் அங்கேயே ஊன்றிக்கொண்டது.

முதல் நாள் ஊரே வந்து வேடிக்கை பார்த்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது, ஆளுக்கொன்று பேசினார்கள். ரெண்டாம் நாள் பாதிப் பேர் வந்தார்கள். மூன்றாம் நாள் யாரோ நிலைமேல் துண்டு காயப்போட்டார்கள், நாலாம் நாள் ஒரு காதுகுத்துப் போஸ்டர் ஒட்டினார்கள், ஒரு வெள்ளாடு கொம்பு அரித்தால் வந்து உரசிவிட்டுப் போயிற்று, அதோடு கதவு ஊர்க் கதவாகிவிட்டது. லூர்து அக்கா குருத்தோலைச் சிலுவை ஒன்றை நிலையில் செருகினாள், நிலை என்று இருந்தால் மாவிலை இருக்கணுமே என்று மேலத்தெருக்காரர்கள் தோரணம் கட்டினார்கள், நாலு கம்பு நட்டு ஒரு தார்ப்பாயும் போட்டுக்கொடுத்தார்கள். வெள்ளிக்கிழமை மஞ்சள் பூச வந்த பெண்கள் உள்பக்கத்துப் பெயர்களைப் பார்த்துவிட்டு இதெல்லாம் யாரு என்று கேட்டார்கள். சந்தனமாரி தெரிந்தவரைக்கும் சொன்னாள், ஸ்வீட்டி என்று தனக்கு வைத்த பேரையும் சொன்னாள். அன்றையிலிருந்து நிலைக்கு வைப்பது போலவே ஒவ்வொரு பேருக்குப் பக்கத்திலும் ஒரு குங்குமப் பொட்டு வைத்தார்கள்.

சுவரில்லாத அந்த வீட்டுக்குள் எல்லாரும் கதவு வழியாகத்தான் போனார்கள். சுற்றிக்கொண்டு போவது சுவரேறிக் குதிப்பதற்குச் சமம், மரியாதைகெட்ட வேலை என்று ஆகிவிட்டது. ஒரு மொடாக்குடிகாரர்கூடக் கதவைத் தேடிப் பிடித்து, நிலைப்படியை மிதிக்காமல் தாண்டி வந்து, "மன்னிச்சுக்கத்தா, வீடு மாறி வந்துட்டேன்," என்று சொல்லி அதே வழியாக வெளியே போனார்.

ஒன்றே ஒன்றுதான் சந்தனமாரிக்குப் பொறுக்கவில்லை. மூணாங்கிணற்றில் கதவைத் தட்டுகிற வழக்கமே கிடையாது. வாசலில் நின்று பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள், பதில் வருவதற்குள் உள்ளே நிற்பார்கள். தாழ்ப்பாள் வெளியே இருக்கவும் அது இன்னும் வசதியாகப் போயிற்று. ஒரு குத்து உப்பு வாங்க வந்தவள்கூட, "சந்தனம்," என்று கூப்பிட்டபடியே தாழ்ப்பாளை இழுத்துவிட்டு உள்ளே வந்துவிடுவாள், போகும்போது கதவு காற்றில் அடிக்கக் கூடாதென்று மறுபடி போட்டுவிட்டும் போவாள். கெட்ட எண்ணமே இல்லை, ஆனால் அந்த இரும்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் சந்தனமாரி பின்னாலேயே நகர்ந்து தார்ப்பாயின் கடைசி மூலைக்குப் போய்விடுவாள். உப்பை அங்கேயிருந்தே நீட்டுவாள்.

விலாசத்துக்காக அவள் ஊராட்சி ஆபீசுக்குப் போனாள். செயலர் மாசானத்துக்கு ஒரு குணம், எழுத்தில் இருப்பதைத் தவிர உலகத்தில் வேறெதையும் நம்ப மாட்டார்.

"வீடு இருக்கா?"

"இல்ல சார். கதவுதான் இருக்கு."

மாசானம் பாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார். "இதுல வீட்டு எண்ணுன்னு போடல. கதவு எண்ணுன்னுதான் போட்டிருக்கு. ஒங்கிட்ட கதவு இருக்கு. அரசாங்கம் கேட்டதக் குடுக்கணும், கேக்காததக் குடுக்கக் கூடாது. வா." ஒரு வெள்ளைப் பெயின்ட் டப்பாவையும் பிரஷ்ஷையும் எடுத்துக்கொண்டு வந்து, ஊரே நின்று பார்க்க, நிலையின் நெற்றியில் 3/87அ என்று எழுதிவிட்டு, ரிஜிஸ்தரில் ஏற்றி, முத்திரை குத்திக் கொடுத்தார். சந்தனமாரி அந்தக் காகிதத்தை மாராப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு டீக்கடை வரைக்கும் ஓடினாள். லூர்து அக்கா அன்றைக்கு எல்லாருக்கும் சீனி கூடப் போட்டாள்.

காப்பகத்துக்குக் கடிதம் போயிற்று. ரத்த உறவில்லாதவளிடம் அனுப்புவதானால் நேரில் வந்து பார்க்கணும் என்று அங்கேயிருந்து ஒரு மேடம் வந்தார். தமிழ்க்காரர்தான். லூர்து அக்கா தாழை இழுத்து அவரை உள்ளே கூட்டிவந்தாள், பாயில் உட்கார வைத்தாள். மேடம் டீ குடித்தார், தார்ப்பாயைப் பார்த்தார், சுவரில்லாத நாலு பக்கத்தையும் பார்த்தார், நாகரத்னத்துக்குச் சோறு நாங்க போடுவோம் என்று பத்துப் பெண்கள் ஒரே நேரத்தில் பேசியதையும் கேட்டார்.

"நம்பர் இருக்கு, நல்ல சனங்க இருக்காங்க. சுவர் கட்டிக்க அவகாசம் எழுதிக்கிறேன். ஆனா தாழ்ப்பாள் வெளிய இருக்கேம்மா. ராத்திரி அந்தப் பொண்ணு எதைப் போட்டுட்டுப் படுக்கும்? உள்தாழ்ப்பாள் இல்லாத ரூமுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

சந்தனமாரிக்கு அழுகை முட்டியது, ஆனாலும் அந்த அம்மாள் மேல் வருத்தமில்லை. அவர் சொன்னது நியாயம் என்று அவளுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

ஆசாரி வந்தார். திருகாணியைத் திருகினார், அது சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது, கழன்று வரவில்லை. சரி, அது கிடக்கட்டும் என்று உள்பக்கம் புதுத் தாழ்ப்பாள் ஒன்றை முடுக்கினார், நன்றாகத்தான் ஏறியது, நெற்றி வேர்வையைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் தாழ்ப்பாள் தரையில் கிடக்கிறது. மூணு தடவை முடுக்கினார், மூணு தடவையும் விழுந்தது. "முப்பது வருசமா உளி பிடிக்கிறேன், இந்தக் கழுதை என்னைய ஆசாரின்னே மதிக்க மாட்டேங்குது," என்று கோபித்துக்கொண்டு சாமான் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

ஒரு மாசம் அப்படியே போயிற்று. நாகரத்னத்திடமிருந்து ஒரு கார்டு வந்தது, யாரையோ விட்டு எழுதியிருந்தாள், பொறுத்துக்கிட்டு இருக்கேன் என்று. அதைப் படித்த அன்றைக்குச் சந்தனமாரி சாப்பிடவில்லை.

அப்படியிருக்கையில்தான் ஒருநாள் காலை பத்து மணிக்கு, தோளில் புதுக் கைப்பையும் கையில் ஒரு டப்பா மைசூர்பாகுமாக, சித்தி வந்து இறங்கினாள். நேரே சேதுபாண்டி வீட்டுக்குப் போனாள். ஊறுகாய்க் கம்பெனி என்றாள், ஏசி ரூம் என்றாள். தர்சினி பன்னிரண்டாவது முடித்துவிட்டுச் சும்மா இருந்தாள். சேதுபாண்டி தலையாட்டினார், பொன்னுத்தாய் அழுதுகொண்டே துணி எடுத்து வைத்தாள், பத்தே முக்காலுக்குப் பெட்டியை அவர் தூக்கிக்கொள்ள, சித்தியும் தர்சினியுமாக மூணு பேரும் டீக்கடைப் பக்கம் பஸ்ஸுக்கு வந்து நின்றார்கள்.

சந்தனமாரி தார்ப்பாய்க்குக் கீழே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அந்தக் குரலைக் கேட்டதும் உரிப்பதை நிறுத்தினாள். எழுந்து கத்தினால் அண்ணன் நம்பப்போவதில்லை, கெஞ்சினாலும் நம்பப்போவதில்லை. என்ன செய்வது என்று தெரியாமல், வீட்டுக்காரி எவளும் சொல்கிற சொல்லையே அவளும் சொன்னாள்.

"யாரு, சித்தியா? வெயில்ல நிக்கிறீங்களே, உள்ள வாங்க."

சித்திக்கு என்ன பயம், தான் ஏற்றிவிட்ட சரக்குதானே. அவள் சிரித்துக்கொண்டே வந்து, பழகிய கையால் தாழ்ப்பாளை இழுத்து, உள்ளே காலை வைத்து, டீக்கடை முழுக்கக் கேட்க, "என்னடி ஸ்வீட்டி, நல்லாருக்கியா?" என்றாள்.

லூர்து அக்கா ஆற்றிக்கொண்டிருந்த டீ அந்தரத்தில் நின்றது. அது சந்தனமாரி ஊருக்குச் சொன்ன பேர், அந்த மூன்றாம் மாடியைத் தவிர வேறெங்கும் வழங்காத பேர். ஊர்ப் பேச்சாக அது அண்ணன் காதுக்கும் வந்திருந்தது, கட்டுக்கதை என்று அவர் தள்ளியிருந்தார். இப்போது சித்தி வாயாலேயே வந்து விழுந்தது. சேதுபாண்டியின் கையிலிருந்து பெட்டி நழுவியது.

சந்தனமாரி உரித்த வெங்காயத்தைக் கீழே வைத்தாள், சித்தியைத் தாண்டி நடந்தாள், கதவு வழியாக வெளியே வந்தாள், கதவைச் சாத்தினாள், தாழ்ப்பாளைப் போட்டாள். வெளிப்பக்கமிருந்து அதைப் போடுவது வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை.

உள்ளே சித்தி இடப்பக்கம் போனாள், கதவுக்கு வந்தாள். வலப்பக்கம் போனாள், கதவுக்கு வந்தாள். பின்பக்கம் திறந்தவெளிதான், அரை மைல் தூரத்துக்குக் கருவேலங்காடு தெரிகிறது, அதை நோக்கி ஓடினாள், ஓடிவந்து கதவில் முட்டினாள். கூப்பாடு போட்டாள், கதவைப் படபடவென்று அறைந்தாள்.

"தட்டுறாளே," என்றாள் தர்சினி.

"உள்ளேருந்து தட்டுறது தட்டுறதுல சேராது பாப்பா," என்றாள் சந்தனமாரி. "நாலு வருசம் தட்டிப் பாத்திருக்கேன்."

போலீசுக்குச் சொல்லிவிட்டு ஊர் டீ குடித்துக்கொண்டே காத்திருந்தது. பதினொரு மணி பஸ் வந்தது, விஷயத்தைக் கேட்டது, தர்சினியை ஏற்றாமல் போயிற்று. ஒரு மணிக்குப் போலீஸ் ஜீப் வந்தது. அவர்கள் தாழைத் திறந்து சித்தியை வெளியே எடுத்தபோது அவளே ஓடிவந்து ஜீப்பில் ஏறிக்கொண்டாள். அவள் கைப்பையிலிருந்த சீட்டுகளை வைத்து இன்னும் ஒன்பது பெண்கள் அடைபட்டிருந்த இடங்கள் தெரிய வந்தன, அந்த ஒன்பது கதவும் அடுத்த வாரத்துக்குள் திறந்தன.

சேதுபாண்டி ரெண்டு நாள் வேலைக்குப் போகவில்லை, சோறும் இறங்கவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் நாலு மணிக்குக் கையில் கரண்டியும் நூல்கண்டுமாகக் கதவுக்கு முன்னால் வந்து நின்றார். வந்தவருக்குத்தான் பெரிய சங்கடம். வாசலில் நின்று கூப்பிடலாமென்றால் பேர் சொல்லக் கூடாது, கருப்பனுக்குச் செய்த சத்தியம் காவல் நிற்கிறது. தாழை இழுக்கலாமென்றால், அதை இழுத்தவர்கள் யார் யாரென்று இப்போது அவருக்குத் தெரியும், கை எழவில்லை. டீக்கடை மொத்தமும் அவரையே பார்க்கிறது. வேறு வழியில்லாமல், சுவர் பொத்தலா கெட்டியா என்று பார்க்கிற கொத்தனார் வழக்கத்தில், விரலை மடக்கி, கதவில் ரெண்டு தட்டுத் தட்டினார்.

உள்ளே சந்தனமாரி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் கையிலேயே நின்றுவிட்டது. தட்டுகிறார்கள். யாரோ வெளியே நின்று, உள்ளே வராமல், தட்டிவிட்டு நிற்கிறார்கள்.

"யாரு?" என்றாள். கேட்க அவ்வளவு நன்றாக இருந்ததால் இன்னொரு தடவை கேட்டாள். "யாரது?"

"நாந்தான்."

"நாந்தான்னா யாரு?"

"ஒங்கண்ணன்."

"என்ன வேணும்?"

"உள்ள வரலாமான்னு கேட்டுட்டுப் போக வந்தேன்."

"இருங்க," என்று சொல்லிவிட்டு அவள் மிச்ச அரிசியையும் நிதானமாகப் புடைத்தாள், கல்லைப் பொறுக்கினாள், குருணையைக் கோழிக்கு ஒதுக்கினாள். அண்ணன் நின்றார். ஊரும் நின்றது. அப்புறம் எழுந்துபோய்க் கதவைத் திறக்கக் கையை நீட்டினால், கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. அதே தாழ்ப்பாள், அதே துரு, பிறந்ததிலிருந்தே அங்கேதான் இருந்தது போல, பெயர்களுக்குப் பக்கத்தில் இருந்தது. வெளிப்பக்கத்தில் நாலு திருகாணித் துளை மட்டும் மிச்சம்.

அவளே தாழை நீக்கினாள். சேதுபாண்டி அழுதார், அழுவதை மறைக்கவும் இல்லை. "தப்புப் பண்ணிட்டேன் தங்கச்சி," என்றார். பேரைச் சொல்லவில்லை, சத்தியம் சத்தியம்தான், ஆனால் தங்கச்சி என்று கூப்பிடக் கருப்பன் தடை சொல்லவில்லை. "எனக்கு இன்னும் மனசு ஆறலண்ணே," என்றாள் அவள். "ஆறட்டும், மெதுவா ஆறட்டும். அதுவரைக்கும் நான் சுவர் கட்டுறேன்," என்று நூலைப் பிரித்து நாலு மூலைக்கும் பிடித்தார். பத்தொன்பதாம் நாள் வீடு நின்றது. ஆசாரி மட்டும் அந்தப் பக்கமே வரவில்லை, அவருக்கு ரோஷம்.

மேடத்தோடு பதினொரு மணி பஸ்ஸில் நாகரத்னம் வந்து இறங்கினாள். இறங்கியவள் சந்தனமாரியைப் பார்த்துச் சிரித்தாள், சிரித்துக்கொண்டே திரும்பினாள், கதவைப் பார்த்தாள். அதே பச்சை, அதே உப்பல். ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். லூர்து அக்கா தூக்கப் போனாள், சந்தனமாரி வேண்டாம் என்று கையைக் காட்டினாள். கதவைச் சுவரோடு ஒட்டத் திறந்து வைத்து, உள்பக்கத்துத் தாழ்ப்பாளை ஒரு தடவை போட்டு, ஒரு தடவை எடுத்துக் காட்டிவிட்டு, விலகி நின்றாள்.

ரொம்ப நேரம் கழித்து நாகரத்னம் எழுந்து வந்தாள். நிலைப்படியைத் தாண்டினாள், தாழ்ப்பாளைத் தொட்டாள், தெலுங்கில் இருந்த பேரைத் தொட்டாள். பிறகு தனியாக உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். தாழ் விழுகிற சத்தம் கேட்டது. எடுக்கிற சத்தம் கேட்டது. மறுபடியும் விழுந்தது, மறுபடியும் விலகியது, இருபது முப்பது தடவை, அப்புறம் விழுந்தது விழுந்தபடியே நின்றது. அந்தச் சத்தத்துக்குச் சந்தனமாரி ஒரு அடிகூடப் பின்னால் நகரவில்லை.

சந்தனமாரி போய்த் தன் வீட்டுக் கதவைத் தானே தட்டினாள்.

"எவரு?" என்றது உள்ளேயிருந்து.

"நாந்தான், சந்தனமாரி. வரட்டா?"

தாழைத் தொடுகிற சத்தம் கேட்டது, தாழ் விலகவில்லை. அப்புறம் அந்தக் குரல், முதல் தடவையாகப் பேசிப் பார்க்கிற குரல், "இப்ப வராதே," என்றது. சொல்லிவிட்டு உள்ளே அவள் கலகலவென்று சிரிப்பது ரோடு வரைக்கும் கேட்டது.

"சரி," என்றாள் சந்தனமாரி. வெளியே படியில் உட்கார்ந்தாள். லூர்து அக்கா டீ கொண்டுவந்தாள், அதைக் குடித்தாள், இன்னொரு டீயும் குடித்தாள். ரெண்டு மணிக்குத் திரும்புகிற பஸ் வந்து நின்றது, கண்டக்டர் படியிலிருந்து குனிந்து பார்த்தார்.

"என்னம்மா, சொந்த வீட்டுக்கு வெளியவே ஒக்காந்திருக்க?"

"உள்ள ஆள் இருக்குண்ணே," என்றாள் சந்தனமாரி, முகமெல்லாம் சிரிப்பாக. "என்னைய வராதேன்னு சொல்லிட்டா."